கிரேக்கத்தில் இருப்பவனுக்குப் பங்கில்லை: ஸ்வீடனின் மிகப் பழைய சட்டப் புத்தகம்

கிரேக்க நாட்டில் உட்கார்ந்திருக்கிறவன் யாருடைய சொத்துக்கும் வாரிசாக முடியாது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் எழுதப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்தில், வாரிசுரிமை பற்றிய பகுதியில், இப்படி ஒரு விதி இருக்கிறது. முதன்முறை இதைப் படித்தபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்வீடன் ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது, கிரேக்கம் தென்கோடியில் இருக்கிறது. மாடும் வயலுமாகப் பிழைத்த வடநாட்டு விவசாயிகள் தங்கள் பாகப்பிரிவினைக்குள் கிரேக்கத்தை ஏன் இழுத்தார்கள்?

அவர்கள் கிரேக்கம் என்று சொன்னது பைசாந்தியப் பேரரசை. அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல். அந்தப் பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர்ந்து சம்பாதிக்க, வடநாட்டு இளைஞர்கள் ரஷ்யப் பகுதியின் ஆறுகள் வழியாகப் படகில் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுக்காக ஊரில் உறவினர்கள் நாட்டிய நினைவுக் கற்களில், கிரேக்கம் என்ற பெயர் வருபவை மட்டும் சுமார் 30 கிடைத்திருக்கின்றன.

இப்போது அந்த விதியைத் திரும்பப் பாருங்கள். ஊரில் தகப்பன் இறந்துவிட்டான். ஒரு மகன் வீட்டில் இருக்கிறான். இன்னொருவன் கிரேக்கத்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. நிலத்தை உழுது விதைக்க வேண்டும், காத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அவனுக்குப் பங்கில்லை என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. ஒரே வரிதான். அதற்குள் எத்தனை வீடுகளின் சண்டையும் அழுகையும் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், சட்டப் புத்தகம் என்பது வறண்ட விஷயம் என்ற எண்ணமே போய்விடும்.

இந்த விதி இருக்கும் புத்தகத்தின் பெயர் 'வெஸ்ட்யோட்டா சட்டம்'. பிறகு வந்த இன்னொரு வடிவத்திலிருந்து பிரித்துக் காட்ட 'மூத்த வெஸ்ட்யோட்டா சட்டம்' என்பார்கள். அது என்ன, எப்படி உண்டானது, அதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.

மாகாணத்துக்கு ஒரு சட்டம்

13-ஆம் நூற்றாண்டு ஸ்வீடனை இன்றைய ஸ்வீடன் போல நினைத்துக்கொள்ளக் கூடாது. ராஜா ஒருவர் இருந்தார். ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று சட்டம் வைத்திருந்தது. வேனர்ன், வெட்டர்ன் என்ற இரண்டு பெரிய ஏரிகளுக்கு இடையே பரந்து கிடக்கும் மாகாணம் வெஸ்டர்யோட்லாந்து. அங்கே வாழ்ந்தவர்கள் மேற்கு யோட்டர்கள். பிஷப் இருந்த ஊர் ஸ்காரா. ஸ்வீடனின் மிகப் பழைய பிஷப் பீடம் அதுதான்.

அங்கே சட்டம் நடந்த இடத்துக்கு 'டிங்' என்று பெயர். சுதந்திரமான ஆண்கள் கூடும் சபை அது. வழக்குகளை அங்கேதான் தீர்த்தார்கள், பொது முடிவுகளையும் அங்கேதான் எடுத்தார்கள். வட்டாரத்துக்கு ஒரு டிங் உண்டு. அதற்கு மேல் மாகாணம் முழுவதற்குமான 'எல்லா யோட்டர்களின் டிங்' இருந்தது. அதை நடத்தியவர் 'லாக்மான்'. இந்தச் சொல்லை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை நம்மோடு வரும். 'லாக்' என்றால் சட்டம், 'மான்' என்றால் மனிதன். எழுத்து பரவாத காலத்தில் சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்து, சபை நடுவே நின்று சொல்லவேண்டியது அவர் வேலை. ஒரு லாக்மானின் அதிகாரம் செல்லும் எல்லையை 'லாக்சாகா' என்றார்கள். சட்டம் சொல்லுதல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அவர் குரல் சட்டம் சொல்லும் இடமெல்லாம் ஒரே நாடு என்று எண்ணிய மக்கள் அவர்கள்.

வாய்வழியாக வந்தவை என்பதற்கான தடயம் என்று நெடுங்காலமாகக் காட்டப்படுவது, விதிகளில் அங்கங்கே வரும் மோனைத் தொடர்கள். நிலத்தையும் மற்ற உடைமைகளையும் இழப்பான் என்று சொல்ல 'லாந்தி ஓக் லோசும் ஓரெ' என்கிறது சட்டம். ல-வும் ல-வும் சேர்ந்து காதில் உட்கார்ந்துகொள்ளும். மோனை இருந்தால் மறக்காது என்பது நமக்கும் தெரிந்த கதைதானே.

எழுதியது யார்?

பொதுவாகச் சொல்லப்படும் பெயர் எஸ்கில் மக்னுசொன். 1220-களில் வெஸ்டர்யோட்லாந்தின் லாக்மானாக இருந்தவர். பின்னாளில் ஸ்வீடனை ஆட்டிவைத்த பிர்யெர் யார்லின் அண்ணன். அந்தச் சட்டத்தோடு சேர்ந்து வந்திருக்கும் லாக்மான்களின் பட்டியல் எஸ்கிலை நிறையவே புகழ்கிறது. பழைய சட்டங்களைத் தேடி விசாரித்துத் தொகுத்தவர் என்றும், படித்த குருமார்களுக்கு இணையான அறிவுள்ளவர் என்றும் சொல்கிறது. அதனால் 1220-களில் அவர் முயற்சியால்தான் சட்டம் முதலில் எழுத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சட்டத்தில் ஆசிரியர் பெயர் போட்டு எதுவும் இல்லை.

எஸ்கில் பற்றி ஒரு செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை. 1219-இல் ஐஸ்லாந்திலிருந்து ஒரு விருந்தாளி அவர் வீட்டுக்கு வந்தார். ஸ்னோரி ஸ்துர்லுசொன். வடநாட்டு ராஜாக்களின் வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்றவர். அவரும் தன் நாட்டில் சட்டம் சொல்லும் பதவியில் இருந்தவர்தான். எஸ்கிலின் மனைவி கிறிஸ்தினா, அதற்கு முன் நார்வேப் பிரபு ஒருவரை மணந்து விதவையானவர். 1210-இல் நடந்த யெஸ்டில்ரென் போரில் ராஜா எரிக் ஏந்திய கொடியை அவர் ஸ்னோரிக்குப் பரிசாகக் கொடுத்தார். தன் நாட்டுச் சட்டத்தை நாவில் வைத்திருந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பதற்குப் பதிவில்லை. அந்தப் பேச்சைக் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

எஸ்கில் காலத்து மூலப்பிரதி கிடைக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. முழுப் பிரதி அந்த நூற்றாண்டின் கடைசியில், 1280-களில் எழுதப்பட்டது. அது ஸ்டாக்ஹோமில் உள்ள தேசிய நூலகத்தில் 'பி 59' என்ற எண்ணோடு இருக்கிறது. அதுவரை ஸ்வீடன் மக்கள் தங்கள் மொழியைக் கல்லிலும் மரத்திலும் ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்துகளில்தான் செதுக்கினார்கள். தோலில், லத்தீன் எழுத்தில், ஸ்வீடிஷ் மொழியில் எழுதப்பட்ட நூல்களில் மிகப் பழையது இதுவே. பழைய ஸ்வீடிஷ் என்ற மொழிக்கட்டம் 1225-இல் தொடங்குவதாக மொழி வரலாற்றில் வைத்துக்கொள்வதும் இதை வைத்துத்தான். ஒரு மொழியின் எழுத்து வரலாறு காவியத்தில் தொடங்காமல், பக்திப் பாடலில் தொடங்காமல், வேலித் தகராறையும் கொலைவழக்கையும் தீர்க்கும் நூலில் தொடங்குகிறது.

ராஜா வரும்போது

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ராஜாவை ஏற்றுக்கொள்வது எப்படி என்பதைச் சொல்லும் இடம். ஸ்வேயர்களுக்கு ராஜாவை எடுக்கவும் உரிமை உண்டு, விரட்டவும் உரிமை உண்டு என்று அது தொடங்குகிறது. ஸ்வேயர்கள் என்பவர்கள் உப்சாலாவைச் சுற்றிய வடபகுதி மக்கள். சரி, அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதனால் அவர் மேற்கு யோட்டர்களுக்கும் ராஜாவாகிவிடுவாரா? இல்லை.

அவர் முதலில் பிணையாட்களோடு கிளம்பிக் கிழக்கு யோட்டர்களின் நாட்டுக்கு வரவேண்டும். அங்கிருந்து எல்லா யோட்டர்களின் டிங்குக்குத் தூதர்களை அனுப்ப வேண்டும். லாக்மான் உடனே நான்கு பிணையாட்களை நியமிப்பார். இரண்டு பேர் மாகாணத்தின் தெற்கிலிருந்து, இரண்டு பேர் வடக்கிலிருந்து. அவர்கள் எல்லையில் யூனபெக் என்ற ஓடை வரை போய் ராஜாவைச் சந்திக்க வேண்டும். அப்புறம் அவர் டிங்குக்கு வந்து, இந்த நாட்டின் நியாயமான சட்டத்தை உடைக்கமாட்டேன் என்று யோட்டர்கள் எல்லோர் முன்னிலையிலும் சத்தியம் செய்யவேண்டும். அதற்குப் பிறகுதான் லாக்மான் அவரை ராஜா என்று அறிவிப்பார். லாக்மான் முதலில், மற்றவர்கள் பின்னால். பதிலுக்கு ராஜா மூன்று குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கலாம். ஆனால் இழிசெயல் செய்தவர்களுக்கு அந்த மன்னிப்பு செல்லாது.

பிணையாட்கள் என்பது வெறும் சடங்கு என்று நினைக்கவேண்டாம். ராஜா பத்திரமாகப் போய் வருவதற்கு அவர்கள்தான் உத்தரவாதம். பி 59 பிரதியிலேயே ஒரு ராஜாக்கள் பட்டியல் இருக்கிறது. அதில் ராக்ன்வால்ட் என்ற ராஜாவின் கதை வருகிறது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவர். பிணையாட்கள் இல்லாமல், யோசனை இல்லாமல், குதிரையேறி வெஸ்டர்யோட்லாந்துக்குள் வந்தார். மேற்கு யோட்டர்கள் எல்லோரையும் அவமதித்த அந்தச் செயலுக்காக அவமானமான சாவைப் பெற்றார் என்கிறது பட்டியல். அதோடு விடவில்லை. அதன்பிறகு ஒரு நல்ல லாக்மானும் நாட்டுத் தலைவர்களும் வெஸ்டர்யோட்லாந்தை நடத்தினார்கள், எல்லோரும் தங்கள் நாட்டுக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று சேர்த்துச் சொல்கிறது. ராஜா இல்லாத நாட்களை இவ்வளவு நிம்மதியாகப் பதிவுசெய்த இடைக்கால எழுத்து எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இப்படிப் புது ராஜா மாகாணம் மாகாணமாகப் போய் ஏற்பு வாங்கும் பயணத்துக்கு 'எரிக்ஸ்காட்டா' என்று பெயர். லாக்மான் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. அவர் விவசாயியின் மகனாக இருக்கவேண்டும். கடவுளின் கருணையோடு அதைத் தீர்மானிப்பவர்கள் விவசாயிகள் எல்லோரும். பிஷப்பும் அப்படியே. யார் வேண்டும் என்று நாட்டில் வாழ்பவர்களை ராஜா கேட்கவேண்டும், வருபவர் விவசாயியின் மகனாக இருக்கவேண்டும். பிறகு ராஜா அவர் கையில் கோலையும் தங்க மோதிரத்தையும் கொடுப்பார். இந்தக் கோலும் மோதிரமும் பெரிய விஷயம். அரசர்கள் அவற்றைக் கொடுக்கக் கூடாது என்று ரோமாபுரித் திருச்சபை போராடி, 1122-இல் ஜெர்மானியப் பேரரசரோடு ஒப்பந்தமே போட்டுவிட்டது. அதற்கு நூறாண்டுக்குப் பிறகு எழுதிய இந்தப் புத்தகம் பழைய வழக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கே விவசாயி என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. மூலத்தில் 'பொண்டெ' என்று வரும். சொந்த நிலமும் வீடும் உள்ள சுதந்திரமான குடியானவன் அவன். டிங்கில் நின்று பேசும் உரிமை அவனுக்கு உண்டு. அவனிடம் கூலிக்கு உழைத்தவனோ, அவன் வீட்டு அடிமையோ, அவன் மனைவியோ பொண்டெ ஆகமாட்டார்கள். இதை மறந்துவிட்டால் அந்தச் சபையை இன்றைய ஜனநாயகம் என்று தவறாக எண்ணிவிடுவோம்.

உயிரின் விலை

புத்தகம் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 'பால்க்' என்று பெயர். முதல் பகுதி திருச்சபை. நம் சட்டத்தில் கிறிஸ்துவே முதல் என்று அது தொடங்கும். அப்புறம் கொலை, காயம், அடிதடி, பரிகாரமில்லாக் குற்றங்கள், வாரிசுரிமை, திருமணம், நிலம், ஆலை, திருட்டு என்று போகும். இதில் கொலைப் பகுதியைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

கொலை என்பது அன்று அரசுக்கு எதிரான குற்றம் அல்ல, முதலில் அது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான கடன். கொலையை டிங்கில் அறிவிக்கவேண்டும், இறந்தவனின் வாரிசு அடுத்தடுத்த டிங்குகளில் வழக்கை எடுக்கவேண்டும். சமரசம் ஆனால் தண்டத்தொகை உண்டு. வாரிசுக்கு 9 மார்க், அதற்கு மேல் இறந்தவனின் உறவுக்கூட்டத்துக்கு 12 மார்க். அந்த 12-இல் பாதியைக் கொலைகாரன் பக்கத்து வாரிசும், மீதியை அவன் உறவினர்களும் கொடுக்கவேண்டும். ஒருவன் செய்த கொலைக்குச் சித்தப்பா பெரியப்பா மக்கள் எல்லாம் பணம் கட்டவேண்டும் என்றால், கத்தியைத் தூக்குமுன் அவனைத் தடுக்க ஒரு கூட்டமே தயாராக இருக்கும். பழிக்குப்பழி என்று தலைமுறை தலைமுறையாகப் போகாமலிருக்க அந்தச் சமூகம் கண்டுபிடித்த வழி இது.

ஆனால் எல்லா உயிருக்கும் ஒரே விலை இல்லை. கொல்லப்பட்டவன் இதே ராஜ்யத்தின் வேறு பகுதிக்காரன், ஸ்வேயனோ ஸ்மோலாந்துக்காரனோ என்றால் 13 மார்க் 8 ஓர்துக். ஒரு மார்க்குக்கு 24 ஓர்துக். உறவுக்கூட்டத்துக்கான தொகை அவனுக்குக் கிடையாது. டென்மார்க்காரனோ நார்வேக்காரனோ என்றால் 9 மார்க். அதற்கும் கீழே வந்தால் அடிமை. அவனைக் கொன்றால் கொடுக்கும் பணம் அவன் குடும்பத்துக்குப் போகாது, எஜமானுக்குப் போகும். மாட்டைக் கொன்றால் மாட்டுக்காரனுக்குக் கொடுப்பது போல. இதைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. ராஜாவை நிறுத்திச் சத்தியம் வாங்கிய அதே புத்தகம், அதே கையெழுத்து.

பணம் கொடுத்துத் தீர்க்க முடியாத குற்றங்களும் உண்டு. கோயிலுக்குள் கொல்வது, டிங்கில் கொல்வது, தூங்குகிறவனைக் கொல்வது, பெண்ணைக் கொல்வது, தன் எஜமானைக் கொல்வது, ஒருவனின் இரு கண்களையும் பறிப்பது, சொந்த நாட்டுக்கு எதிராகக் கேடயம் தூக்குவது. இவற்றுக்குப் பெயர் 'நீடிங்' செயல், அதாவது இழிசெயல். செய்தவன் முன்னே சொன்ன 'லாந்தி ஓக் லோசும் ஓரெ' எல்லாவற்றையும் இழப்பான், நாட்டில் இருக்கும் உரிமையையும் இழப்பான். ராஜாவின் அந்த மூன்று மன்னிப்புகள் எட்டாத குற்றங்கள் இவைதான். திருப்பித் தாக்க முடியாத நிலையில் இருப்பவனைத் தாக்குவது, பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய இடத்தை உடைப்பது என்பவை இந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

வார்த்தைக்கும் தண்டம் உண்டு. ஒரு பெண்ணைப் பார்த்து, பகலும் இரவும் சமமாகக் கலந்த நேரத்தில், தலைவிரி கோலமாக, பேய் உருவில், நீ வேலிப்படல் மேல் ஏறிச் சவாரி செய்ததைப் பார்த்தேன் என்று சொல்வது தண்டனைக்குரிய வசை. சூனியக்காரி என்ற பழி அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் செய்யும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் திட்டும் வார்த்தையை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். 800 வருஷத்துக்கு முந்தைய ஒரு தெருச்சண்டையின் குரல் அதில் இன்னும் கேட்கிறது.

இசைக்காரனின் கிடேரி

புத்தகத்தின் கடைசியில் ஒரு சின்னப் பகுதி வருகிறது. 'லேகாரெ' என்ற ஊர் சுற்றும் இசைக்காரர்களைப் பற்றியது. பிடிலோடும் மத்தளத்தோடும் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள்.

இப்படிப்பட்டவனை யாராவது அடித்தால் அதற்குத் தண்டத்தொகை கிடையாது. காயப்படுத்தினால் என்ன செய்யவேண்டும் என்பதுதான் அடுத்தது. பழக்கப்படாத ஒரு கிடேரியைப் பிடித்து மேட்டின் மேல் கொண்டுபோகவேண்டும். அதன் வாலில் உள்ள முடியை எல்லாம் மழித்து, கொழுப்பைத் தடவ வேண்டும். இசைக்காரனுக்குப் புதிதாகக் கொழுப்புப் பூசிய செருப்பைக் கொடுக்கவேண்டும். அவன் அந்த வாலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் கூரிய சாட்டையால் கிடேரியை ஓங்கி அடிப்பான். அவனால் பிடித்து நிறுத்த முடிந்தால் கிடேரி அவனுக்கு. முடியாவிட்டால், அவமானமும் காயமும்தான் அவனுக்கு. சவுக்கடி பட்ட அடிமைப் பெண்ணுக்கு இருப்பதைவிட அதிக உரிமையை அவன் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று முடிகிறது.

இந்தப் பகுதியைப் பலரும் வேடிக்கையாக எடுத்துச் சொல்வதுண்டு. மேட்டின் மேல் நடந்ததைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்பது உண்மைதான். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. சொந்த நிலமில்லாமல், தனக்காக நின்று பேச உறவுக்கூட்டமில்லாமல் ஊர் ஊராகப் போகிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான் என்பதைத்தான் அந்தக் கிடேரி காட்டுகிறது. கடைசி வரியில் அவனோடு ஒப்பிடப்படும் அந்தப் பெண்ணையும் மறக்க முடியவில்லை. அவளுக்கு என்ன உரிமை என்று தனியே சொல்லவேண்டிய அவசியம்கூட யாருக்கும் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கீழ்மட்டம் அது.

எவ்வளவு பழையது?

இந்தச் சட்டம் 1220-களில் உண்டாக்கியதா, அல்லது அதற்கு வெகுமுன்பே இருந்ததை அப்போது எழுதினார்களா? இதற்குத் தீர்வு எளிதல்ல. லாக்மான்களின் பட்டியல் லும்ப் என்பவரை முதலாவதாகச் சொல்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல, பழைய மதத்தவர், அதனால் கல்லறைத் தோட்டத்தில் இல்லாமல் ஒரு மேட்டில் புதைக்கப்பட்டார் என்கிறது. அதாவது, எங்கள் சட்டம் கிறிஸ்தவத்துக்கும் முந்தியது என்று மேற்கு யோட்டர்கள் நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களும் அதை ஏற்று, ஆதி ஜெர்மானிய மக்களின் வழக்கம் அப்படியே இதில் இருக்கிறது என்று எழுதினார்கள்.

1970-களில் எல்சா ஷோஹோல்ம் என்ற வரலாற்று ஆய்வாளர் இதை மறுத்தார். ஸ்வீடன் மாகாணச் சட்டங்கள் எழுதப்பட்ட காலத்தின் அதிகாரப் போட்டியில் உண்டானவை, திருச்சபைச் சட்டம் உட்பட வெளிநாட்டு முன்மாதிரிகளின் தாக்கம் உள்ளவை, பழைய வாய்மொழி வழக்கத்தை அவற்றில் தேடுவது வீண் என்பது அவர் வாதம். பழைய நம்பிக்கையை உலுக்கியது என்ற அளவில் அது பெரிய உதவி. ஆனால் முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம். காரணம், மறுபடியும் அந்தக் கிரேக்க விதிதான். 1204-இல் சிலுவைப்போர்ப் படை கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்துக் கொள்ளையடித்தது. வடநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போன காலம் அதற்கும் முந்தியது, நினைவுக் கற்களில் பெரும்பாலானவை 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1220-களில் உட்கார்ந்து புதிதாக ஒரு சட்டம் இயற்றுகிறவருக்குக் கிரேக்கம் எதற்கு நினைவுக்கு வரவேண்டும்? அந்த விதி பழைய சபை ஒன்றின் குரல். புதிய சுவரில் கட்டப்பட்ட பழைய கல் மாதிரி. எல்லாக் கற்களும் பழையவை என்றும் சொல்ல முடியாது, எல்லாமே புதியவை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு விதியாக எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று?

வெஸ்ட்யோட்டா சட்டத்துக்குப் பிறகு மற்ற மாகாணங்களும் எழுதத் தொடங்கின. கிழக்கு யோட்டர்களின் சட்டம் 1290 வாக்கில் வந்தது. உப்லாந்து சட்டம் வேறு வழியில் வந்தது. பிர்யெர் பேர்சொன் என்ற லாக்மான் தலைமையில் ஒரு குழு அதைத் தயாரித்தது. பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட பிர்யித்தாவின் தகப்பன் அவர். 1296 ஜனவரி 2-ஆம் தேதி ராஜா அதற்கு ஒப்புதல் முத்திரை கொடுத்தார். வித்தியாசம் தெரிகிறதா? வெஸ்டர்யோட்லாந்தில் சட்டம் ராஜாவை ஏற்றுக்கொண்டது. உப்லாந்தில் ராஜா சட்டத்தை ஏற்றுக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே சுமார் எழுபது ஆண்டுதான். (அன்று டென்மார்க்கிடம் இருந்த ஸ்கோனெ மாகாணத்தின் சட்டம் 1300 வாக்கில் ஒரு பிரதியில் முழுக்க ரூன் எழுத்தில் எழுதப்பட்டது. புத்தகம் முழுவதும் ரூன் என்பது மிக அரிய காட்சி.)

பெண்களின் வாரிசுரிமையும் மாறத் தொடங்கியது. மூத்த வெஸ்ட்யோட்டா சட்டத்தில் மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை. எஸ்கிலின் தம்பி பிர்யெர் யார்ல், சகோதரனுக்குக் கிடைப்பதில் பாதி சகோதரிக்கு என்ற விதியைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாதி முழுதாக 1845 வரை ஆயிற்று.

1335-இல் ராஜா மக்னுஸ் எரிக்சொன் தன் எரிக்ஸ்காட்டா பயணத்தில் ஸ்காராவுக்கு வந்தார். வெஸ்டர்யோட்லாந்திலும், ஸ்மோலாந்தில் உள்ள வேரெந்திலும் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த யாரும் இனி அடிமை இல்லை என்று அங்கே ஆணையிட்டார். அந்தக் கொலைப் பகுதியில் எஜமானுக்குக் கொடுக்கும் தொகையைச் சொன்ன வரிகள் அன்றே பொருளிழந்தன. 1350 வாக்கில் அவர் பெயரால் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது, மாகாணச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திருச்சபையோடு உடன்பாடு வராததால் அந்தப் பகுதி மட்டும் புதிய சட்டத்தில் சேரவில்லை. எனவே மற்ற பகுதிகள் ஓய்ந்த பிறகும் பழைய மாகாணச் சட்டங்களின் திருச்சபைப் பகுதிகள் நெடுநாள் வழக்கில் இருந்தன.

பயன்பாட்டிலிருந்து போன புத்தகத்தை மொழி ஆர்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். கவிஞர் யொர்ய் ஷேர்ன்யெல்ம் 1663-இல் அதை அச்சிட்டார். பிறகு கொல்லின், ஷ்லீட்டர் என்ற இருவர் ஸ்வீடனின் பழைய சட்டங்கள் எல்லாவற்றையும் பிரதி பிரதியாக ஒப்பிட்டுப் பதிப்பிக்கத் தொடங்கினார்கள். 1827-இல் வந்த முதல் தொகுதி வெஸ்ட்யோட்டா சட்டம்தான். கொல்லின் சில ஆண்டுகளில் இறந்துபோக, ஷ்லீட்டர் தனியாளாக வேலையைத் தொடர்ந்து 1877-இல் 13-ஆவது தொகுதியோடு முடித்தார். 50 ஆண்டு உழைப்பு. நாம் இன்று கிடேரியின் கதையையும் கிரேக்க விதியையும் படிக்க முடிவது அவர்களால்தான்.

இன்று ஸ்வீடனில் ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் அதன் பெயர் 'டிங்ஸ்ரெட்', டிங்கின் நீதிமன்றம். அதன் தலைமை நீதிபதியின் பதவிப்பெயர் லாக்மான்.